பட்டியலில் வாழ்ந்த காவியம்

நாககுமார காவியம் என்னும் பெயரைத் தமிழ் பயின்ற எவரும் கேள்விப்பட்டிருப்பர். ஐஞ்சிறுகாப்பியங்கள் யாவை என்ற வினாவுக்கு, உதயணகுமார காவியம், நாககுமார காவியம், யசோதர காவியம், சூளாமணி, நீலகேசி என ஒரே மூச்சில் ஒப்பித்து மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம் அனைவரும். போட்டித் தேர்வு எழுதுவோர் இன்றும் ஒப்பித்துக்கொண்டிருக்கின்றனர். ஆனால் அந்நூலைக் கையிலெடுத்து, முதற்பாட்டு முதல் இறுதிப்பாட்டு வரை படித்தவர் நம்முள் எத்தனை பேர்?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் ஒரு மாணவி. காப்பிய இலக்கியம் குறித்த வகுப்பில் வழக்கம்போல் பெருங்காப்பியம் ஐந்தையும் சிறுகாப்பியம் ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, "இவை தமிழின் ஒப்பற்ற செல்வங்கள்" என்று சொல்லி முடித்திருந்தோம். "நாககுமார காவியத்த நீங்க படிச்சிருக்கீங்களா ஐயா?" என்றார் அவர். கேட்ட குரலில் குறும்பு இல்லை. படிக்கலாமா வேண்டாமா என்று அறிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. முதுகலைத் தமிழ் முடித்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பயிற்றுவித்து வரும் நாம், இல்லை என்று சொல்லத் துணிவின்றி, "அடுத்த வகுப்பில் விரிவாகப் பார்ப்போம்" என்று நழுவினோம்.

அன்று மாலையே நூலகத்தில் தேடியெடுத்துப் படித்தோம். ஒரே மாலையில் முடிந்துவிட்டது. மிஞ்சியது ஏமாற்றம்.

நூலின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். ஐந்து சருக்கங்கள், 170 விருத்தப்பாக்கள். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. 16ஆம் நூற்றாண்டளவில் எழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சிரேணிக மன்னன் கேட்க, கௌதமர் கதை சொல்கிறார். நீருள் வீழ்ந்த குழந்தையை நாகம் காக்கிறது. அதனால் நாககுமாரன் என்ற பெயர் வாய்க்கிறது. மாற்றாந்தாய் மகனின் பொறாமையால் நாடு நீங்கும் அவன், ஊர் ஊராகச் சென்று வீரச் செயல்கள் புரிகிறான், மகளிரை மணக்கிறான், அரசாள்கிறான், இறுதியில் துறவு பூண்டு வீடு பெறுகிறான்.

அவன் மணந்த மகளிர் 519 பேர் என்பது கணக்கு. பாடல்களோ 170. பாட்டுக்கு மூன்று மனைவியர்! சீவக சிந்தாமணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீவகன் மணந்த மகளிர் எண்மர்; திருத்தக்க தேவருக்குக் கிடைத்த இடம் 3145 பாடல்கள். யாழ்ப்போட்டியில் காந்தருவதத்தையை வெல்லும் ஓர் இலம்பகத்துக்கே நாககுமார காவியம் முழுவதினும் மிகுதியான இடத்தை அவர் எடுத்துக்கொண்டார். சிறுகாவியத்திலோ இளவரசி ஒருத்தி ஒரு பாட்டில் தோன்றி, அடுத்த பாட்டுக்குள் மணமாகி, அதற்கடுத்த பாட்டில் மறைந்துவிடுகிறாள். முகம் இல்லை, குரல் இல்லை. பகைவர்களும் அப்படியே. படித்து முடித்தபோது, ஒரு பெரிய நூலின் பொருளடக்கத்தைச் செய்யுளாகப் படித்தாற்போன்ற உணர்வே ஏற்பட்டது.

இந்நூல் ஒப்பற்ற செல்வம் என்று நமக்குச் சொன்னவர் யார்? இதற்கு விடை தேடினால் பட்டியல்களின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

ஐம்பெருங்காப்பியம் என்ற தொடர் நன்னூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையில் காணப்படுகிறது. அவர் தொகையைச் சொன்னாரேயன்றி, ஐந்தின் பெயர்களையும் அங்கே வரிசைப்படுத்தவில்லை. பிற்காலத்தார் நிரப்பிக்கொண்டார்கள். பெருங்காப்பியம் ஐந்து என்றால் சிறுகாப்பியமும் ஐந்து இருக்க வேண்டுமல்லவா? சி. வை. தாமோதரம் பிள்ளை 1889இல் சூளாமணியைப் பதிப்பித்தபோது எழுதிய பதிப்புரை வழியாகவே ஐஞ்சிறுகாப்பியம் என்ற வகைப்பாடு அச்சுலகில் பரவியது என்பர். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனுள் குறைவுபட்டு வருவது காப்பியம் என்று தண்டியலங்காரம் வகுத்த இலக்கணமும் இதற்குத் துணையாக வந்து நின்றது. ஆனால் நாககுமார காவியத்தில் இந்த நான்குமே உண்டு. வீடுபேற்றில்தான் கதையே முடிகிறது. அங்கே குறைந்தது பொருளன்று, இடம்!

இதில் விந்தை என்னவென்றால், பட்டியலில் பெயர் ஏறியபோது நூல் அச்சில் இல்லை. அச்சேறாத ஏடாகவே தமிழ்ச் சமணரிடையே அது தங்கியிருந்தது. இக்கதையை அபப்பிரம்ச மொழியில் பாடிய புஷ்பதந்தரின் பத்தாம் நூற்றாண்டு நூலை ஹீராலால் ஜெயின் 1933இலேயே பதிப்பித்துவிட்டார். தமிழ் நூலோ 1973இல், மு. சண்முகம் பிள்ளையின் பதிப்பாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளிவந்தது. 1889க்கும் 1973க்கும் இடையே 84 ஆண்டுகள். ஏறத்தாழ மூன்று தலைமுறை மாணவர்கள் காணாத நூலின் பெயரை மனப்பாடம் செய்தார்கள். காணாத நூலைப் பாராட்டிய ஆசிரியர்களும் இருந்திருப்பர். அத்தனை ஆண்டுக் காத்திருப்பைத் தாங்க 170 பாடல்களால் எப்படி முடியும்?

காணாமற்போன நூலுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வளையாபதியில் எழுபத்துச் சொச்சம் பாடல்களே எஞ்சின. குண்டலகேசியிலும் சில பாடல்களே கிடைத்தன. எஞ்சியவற்றின் அழகைக் கொண்டு, எஞ்சாதவற்றையும் நாம் அழகாகவே கற்பித்துக்கொள்கிறோம். அவை நம்மை ஏமாற்ற வழியே இல்லை. நாககுமார காவியம் செய்த பிழை, கிடைத்துவிட்டதுதான்!

இந்த நிலை அதற்கு மட்டும் நேர்ந்ததன்று. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பெருங்கதை முதலும் முடிவும் இழந்த நூல். அதே உதயணன் கதையைச் சுருங்கச் சொல்லும் உதயணகுமார காவியத்தையும் பின்னர் அவரே 1935இல் வெளியிட்டார். பெருங்கதையின் நடையில் தோய்ந்தவர்களுக்கு அச்சுருக்கம் சுவைக்கவில்லை. ஆயினும் சிதைந்த பெருநூலின் கதைப்போக்கை அறிய அது உதவுகிறது.

பட்டியல் இழைத்த தீங்கு இன்னொன்றும் உண்டு. அதே வரிசையில் நிற்கும் சூளாமணி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் ஓடும் அருமையான காப்பியம். நீலகேசியோ, ஒரு பெண் பிற சமயவாதிகளைத் தேடிச்சென்று வாதிட்டு வெல்லும் தருக்க நூல். அதன் உரையே குண்டலகேசிப் பாடல்கள் சிலவற்றை நமக்குக் காத்துத் தந்தது. இந்த மூன்று தன்மையுள்ள நூல்களையும் ஒரே கயிற்றில் கட்டி, 'சிறு' என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டோம். நாககுமார காவியத்தை முதலில் எடுத்து ஏமாந்த மாணவர், சூளாமணியைத் தொடாமலே போய்விடுகிறார்.

இந்த முடிவோடு நாம் நின்றிருப்போம். வகுப்பில் "கதைச் சுருக்கமே, கவிச்சுவை குறைவு" என்று கூறிவிட்டுக் கடந்திருப்போம். நம் சொந்த வட்டாரம்தான் நம்மை மறித்தது.

செஞ்சியை அடுத்த தொண்டூர்ப் பகுதி நமக்குப் பழக்கமான மண். ஊரை ஒட்டிய பஞ்சனாம்பாடிக் குன்றில் சமண முனிவர் தங்கிய குகைத்தளமும் கற்படுக்கைகளும் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அகலூரைக் குறிப்பிடுகிறது. பாறையில் பார்சுவநாதர் தலைக்குமேல் நாகம் படம் விரித்து நிற்கிறது. சோழர் காலத்தில் இவ்வூரில் வழுவாமொழிப் பெரும்பள்ளி என்றொரு சமணப்பள்ளி இருந்ததையும் கல்வெட்டால் அறிகிறோம். தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் மேல்சித்தாமூரும் செஞ்சி வட்டாரத்தில்தான் இருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. அதுவும் ஒரு பட்டியல்! கோட்டை காண வருவோர் தொண்டூர்க் குன்றுக்கு வருவது அரிது.

அப்பகுதியில் சமணக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை நமக்கு நெடுநாளாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நாககுமார காவியத்தைப் படித்ததையும் ஏமாந்ததையும் சொன்னோம். வருணனை இல்லை, உணர்ச்சி இல்லை, ஓட்டமாக ஓடுகிறது என்று அடுக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தக் கதைய நான் படிச்சதில்ல தம்பி, எங்க பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன். பஞ்சமி நோன்பு அன்னைக்குச் சொல்லுவாங்க. பட்டினியா இருக்கிறவங்களுக்கு வருணனை எதுக்கு? நோன்பு இருந்தவனுக்கு என்ன கெடைச்சுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

நாம் வாயடைத்துப் போனோம்.

நாககுமாரன் கதைக்கு நாகபஞ்சமி கதை என்ற பெயரும் உண்டு என்பதை நாமும் அறிந்திருந்தோம். அறிந்ததைப் பயன்படுத்தத்தான் தெரியவில்லை. முற்பிறவியில் பஞ்சமி நோன்பை விடாது நோற்றவனே நாககுமாரனாகப் பிறந்தான் என்பதே இக்கதை மரபின் உயிர்நிலை. வீரமும் செல்வமும் 519 மகளிரும் அந்த நோன்பின் பயன்களாக எண்ணப்படுகிறார்கள். எண்ணிக்கைதான் அங்கே செய்தி; ஒவ்வொருத்தியின் முகமும் அன்று. எல்லாப் பயனையும் துய்த்தபின் அவற்றையும் உதறிவிட்டுப் போகிறான் என்பது அடுத்த செய்தி. காலையிலிருந்து நீரும் அருந்தாமல் அமர்ந்திருக்கும் ஒருவர் முன் இக்கதை சொல்லப்படுவதாக எண்ணிக்கொண்டு மீண்டும் படித்துப் பார்த்தோம். முதல் வாசிப்பில் ஓட்டமாகத் தெரிந்தது இப்போது விரைவாகத் தெரிந்தது. நீருள் வீழ்ந்த குழந்தையை நாகம் தாங்கும் இடத்தில், தொண்டூர்ப் பாறையில் பார்சுவநாதருக்குக் குடைபிடிக்கும் நாகம் நினைவுக்கு வந்தது. இதைக் கேட்டவர்களுக்கு அந்த நாகம் அன்னியமானதன்று; நாள்தோறும் கோயிலில் வணங்குவது.

இதனால் நாககுமார காவியம் சிறந்த கவிதையாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் வாசிப்பிலும் அதன் செய்யுள்கள் பல தட்டையாகவே இருக்கின்றன. பெயர்களின் நெரிசல் குறையவில்லை. நோன்புக் கதை என்பதற்காகக் கவிதையின் குறைகளை மன்னிக்க வேண்டுமென்றால், சமண முனிவர் பாடிய சிந்தாமணிக்கும் சூளாமணிக்கும் நாம் அநீதி இழைத்தவர்களாவோம். ஆனால் நோன்பு முடிக்கும் வேளைக்கென ஆக்கிய நூலைக் காப்பியப் பந்தியில் உட்காரவைத்து, 'விருந்து சுவைக்கவில்லை' என்று குறைகூறியது நம் பிழைதான்.

சிந்தாமணியே கூட அதன் வாசகரை அறியாதவர்க்கு எளிதில் திறக்கவில்லை என்பதை நினைவுகூரலாம். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டி அந்நூலைக் கையிலெடுத்த உ.வே.சா., தொடக்கத்தில் பொருள் விளங்காமல் திகைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெரும்புலவரிடம் பயின்ற அவருக்கே அந்த நிலை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் அது முறையாகப் படிக்கப்பட்டு வருவதைக் கண்ட பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. சமண மரபுச் செய்திகளைச் சொல்லி உதவியவர்களுள் நம் பகுதியைச் சேர்ந்த வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் பின்னே, நூலோடு வாழ்ந்த இவ்வாசகர்கள் இருக்கிறார்கள். நாககுமார காவியத்துக்கோ பதிப்பு வாய்த்தது. அதைக் கேட்டவர்களிடம் போய்க் கேட்கும் பழக்கம் நமக்கு வாய்க்கவில்லை. பட்டியலைப் படித்தோம், பிறகு நூலைப் படித்தோம், ஏமாந்தோம்.

அந்த மாணவிக்கு நாம் தரவேண்டிய விடை ஒன்று பாக்கியிருந்தது. அடுத்த வகுப்பில், அன்று வரை படித்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். வகுப்பில் சிறு சிரிப்பு எழுந்தது. அதற்கு நாம் தகுதியானவர்தாம். பிறகு, படித்ததையும் ஏமாந்ததையும் திண்ணையில் கேட்டதையும் சொன்னோம். "அப்போ படிக்கலாமா ஐயா?" என்றார் மீண்டும். காப்பியச் சுவை வேண்டுமானால் சூளாமணியை எடுங்கள். வாதம் வேண்டுமானால் நீலகேசியை எடுங்கள். நாககுமார காவியத்தை ஒரு நாள், கொஞ்சம் பசியோடு இருக்கும்போது எடுங்கள் என்றோம்.

கரும்பலகையில் ஐந்து பெயர்களை இன்றும் எழுதத்தான் செய்கிறோம். பாடத்திட்டம் அதைக் கேட்கிறது. 'ஒப்பற்ற செல்வங்கள்' என்ற தொடரை மட்டும் விட்டுவிட்டோம். வழுவாமொழி என்று ஒரு பள்ளிக்குப் பெயர் வைத்த மண்ணிலிருந்து வந்துகொண்டு, படிக்காத நூலைப் புகழ்வது இனி நமக்கு ஆகாது.