விரிதாள்: வரலாறும் பிழை தவிர்க்கும் வழிகளும்

விரிதாள் என்பது கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் சந்திக்கும் கட்டங்களில் எண்களையும் சொற்களையும் சூத்திரங்களையும் இட்டுக் கணக்கிட உதவும் கணினிச் செயலி ஆகும். ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கட்டங்கள் அனைத்தும் தாமே மாறிவிடுவது இதன் சிறப்பு. நிரலாக்கம் அறியாதவரும் இதில் கணக்கு அமைக்கலாம். அதே காரணத்தால், நிரலர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் இல்லாமலேயே பெரிய கணக்குகள் இதில் உருவாகின்றன. விரிதாளைத் திறம்படக் கையாளக் கூறப்படும் வழிமுறைகளுள் பலவற்றை அதன் வரலாற்றில் நேர்ந்த பிழைகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

தோற்றம்

கணக்காளர்கள் பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் விரித்து எழுதிய அகன்ற தாளே இப்பெயருக்கு மூலம். அதில் ஓர் எண்ணைத் திருத்தினால் அடுத்தடுத்த கூட்டுத்தொகைகள் அனைத்தையும் அழித்து எழுத வேண்டும். 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்த டான் பிரிக்லின், இந்த மறுகணக்கைக் கணினியே செய்யும் ஒரு செயலியைக் கற்பனை செய்தார். அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் அதற்கு நிரல் எழுதினார். விசிகால்க் என்ற பெயருடன் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக அது வெளியானது. 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் கொண்ட இச்செயலிக்காகவே பலர் அக்கணினியை வாங்கினர்.

மிட்ச் கபோர், ஜொனாதன் சாக்ஸ் ஆகியோர் உருவாக்கிய லோட்டஸ் 1-2-3, ஐபிஎம் கணினிக்காக 1983 சனவரியில் வந்தது. விரைவில் அது விசிகால்க்கின் இடத்தைப் பிடித்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் 1985இல் மேக்கின்டாஷ் கணினிக்கும், 1987இல் விண்டோசுக்கும் வெளியானது. விண்டோஸ் பரவியபோது லோட்டஸ் பின்தங்கியது.

சூத்திரத்தை நகலெடுத்தல்

ஒரு கட்டத்தின் சூத்திரத்தைக் கீழே நகலெடுக்கும்போது, அது சுட்டும் கட்டங்களும் இடம் மாற வேண்டுமா என்பது தொடக்கத்திலேயே எழுந்த கேள்வி. விசிகால்க் ஒவ்வொரு நகலின்போதும் பயனரிடம் இதைக் கேட்டது. லோட்டஸ் 1-2-3இல் டாலர் குறி இந்த வேலையைச் செய்தது. குறி இட்ட முகவரி மாறாது. இடாத முகவரி நகலுடன் நகரும். இம்முறையே இன்றும் தொடர்கிறது.

வரி வீதம், வட்டி வீதம் போன்றவற்றை ஒரே கட்டத்தில் வைத்து, அதன் முகவரிக்கு டாலர் குறியிட்டு எல்லாச் சூத்திரங்களிலும் பயன்படுத்துவது நல்லது. வீதத்தைச் சூத்திரத்துக்குள் எண்ணாகவே எழுதினால், வீதம் மாறும்போது ஒவ்வொரு சூத்திரத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விடை தவறாகும், செயலி எச்சரிக்காது.

தேதியும் தானியங்கி மாற்றமும்

விரிதாள் தேதியை ஒரு வரிசை எண்ணாகச் சேமிக்கிறது. விண்டோஸ் எக்செல்லில் 1900 சனவரி 1 என்பது 1. லோட்டஸ் 1-2-3, நெட்டாண்டு அல்லாத 1900ஆம் ஆண்டை நெட்டாண்டாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகளுடன் பொருந்த வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அப்பிழையை ஏற்றது. ஆகவே நாட்காட்டியில் இல்லாத 1900 பிப்ரவரி 29 இன்றும் எக்செல்லில் 60ஆம் நாளாக இருக்கிறது.

தேதி போலத் தோன்றும் எழுத்துகளைச் செயலி தானே தேதியாக்குவது இதைவிடப் பெரிய தொல்லை. மார்ச்1, செப்ட்2 என்ற குறியீட்டுப் பெயர்களைக் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் மார்ச் 1, செப்டம்பர் 2 என மாற்றியது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இறுதியில் மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 எனவும், செப்ட்2 என்பது செப்டின்2 எனவும் ஆயின. தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் சேர்த்தது.

தொலைபேசி எண், அடையாள எண், கணக்கு எண் ஆகியவற்றை இடும் நெடுவரிசையை முன்கூட்டியே உரை வடிவமாக மாற்றிவிட வேண்டும். இல்லையேல் முன்னால் உள்ள சுழியம் மறையும். எக்செல் 15 இலக்கங்களையே துல்லியமாகக் காக்கும் என்பதால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் சுழியமாகிவிடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாளை முதலில் எழுதுவது வழக்கம். அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில் வரும். 05/06 என்பது ஒரு கணினியில் சூன் 5 ஆகவும் மற்றொன்றில் மே 6 ஆகவும் கொள்ளப்படலாம். கோப்பு பலர் கைக்கு மாறுமானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

விடுபட்ட ஐந்து நாடுகள்

பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காடு என்றது. அரசுச் செலவுகளைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டோர் இதை ஆதாரமாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், ஆசிரியர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்றுச் சோதித்தார். சராசரிச் சூத்திரம் 30 முதல் 49 வரையிலான வரிசைகளுக்குப் பதிலாக 44ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஆத்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன.

ஹெர்ன்டனும் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் 2013இல் வெளியிட்ட மறுகணக்கில் அந்தச் சராசரி 2.2 விழுக்காடு ஆனது. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி, சேர்க்காமல் விட்ட தரவுகளாலும் நாடுகளுக்குத் தரப்பட்ட எடைகளாலும் வந்தது; சூத்திரப் பிழையின் பங்கு சிறிது. சூத்திரப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். மற்ற குறைகளை ஏற்கவில்லை.

கூட்டுத்தொகை, சராசரி ஆகியவற்றின் அருகில் எத்தனை எண்கள் சேர்ந்தன என்பதையும் எண்ணிக் காட்டும் சூத்திரத்தை வைத்தால் இத்தகைய விடுபடல் உடனே தெரியும். தரவை அட்டவணையாக அறிவிக்கும் வசதியைப் பயன்படுத்தினால், புதிய வரிசை சேரும்போது சூத்திரத்தின் எல்லையும் தானே விரியும்.

மறைந்த 15,841 பேர்

எக்செல் 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளின் எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைகளே அடங்கும். 2007இல் இது 10,48,576 ஆக உயர்ந்தது. ஆனாலும் 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா சோதனை முடிவுகளைத் தொகுக்கும் ஒரு கட்டத்தில் பழைய வடிவத்தையே பயன்படுத்தியது. கோப்பு நிரம்பியபின் வந்தவை சேரவில்லை. செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையில் 15,841 பேர் அன்றாட எண்ணிக்கையிலிருந்து விடுபட்டனர். அவர்களுக்குச் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் விவரங்கள் தொடர்புத் தேடல் பிரிவுக்கு உரிய நேரத்தில் செல்லாததால், அவர்களோடு பழகியோரை எச்சரிப்பது பல நாட்கள் தாமதமானது.

ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றும்போது, அனுப்பிய வரிசைகளின் எண்ணிக்கையையும் பெற்ற வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது மிக எளிய சோதனை. நாள்தோறும் வளரும் பெருந்தரவுக்கு விரிதாளைவிடத் தரவுத்தளமே ஏற்றது.

பொதுவான பழக்கங்கள்

மூலத் தரவு, கணக்கு, முடிவு ஆகிய மூன்றையும் தனித்தனித் தாள்களில் வைப்பது, மூலத் தரவைத் திருத்தாமல் காப்பது, கட்டங்களை ஒன்றிணைக்காமல் ஒரு வரிசைக்கு ஒரு பதிவு என அமைப்பது ஆகியவை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. நிறத்தால் மட்டும் பொருள் உணர்த்துவதும் தவிர்க்கத் தக்கது. நிறத்தை வழக்கமான சூத்திரங்கள் படிப்பதில்லை. விடை தெரிந்த சிறு கணக்கொன்றை இட்டுச் சூத்திரத்தைச் சோதிப்பதும், முக்கியமான கோப்பை வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதும் வேண்டும். 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் சூத்திரப் பிழையும் கோப்பு வேறொருவர் கைக்குச் சென்ற பின்னரே வெளிப்பட்டது.