கார் ஆக்சில் மூட்டு

முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஆக்சிலின் இரு முனைகளிலும் அமைந்த வளையும் இணைப்பு, ஆக்சில் மூட்டு. பணிமனைகளில் இதற்குச் சி.வி. ஜாயின்ட் என்று பெயர். சக்கரம் திரும்பினாலும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் சுழல்வேகம் சீராக இருக்கச் செய்வது இதன் வேலை.

வரலாறு

17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் விளக்கிய மூட்டு, வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. 30 பாகைக் கோணத்தில் அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 13 விழுக்காடு வரை குறைந்து, 15 விழுக்காடு வரை கூடும். இக்குறையை நீக்கும் குண்டு மூட்டை 1920களில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃப்ரெட் ரெப்பா உருவாக்கினார். 1959இல் வந்த மினி கார் இவ்வகை மூட்டைப் பரவலாக்கியது. இந்தியாவின் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர இயக்கக் கார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800தான் முன்சக்கர இயக்கத்தை இந்தியக் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தது.

அமைப்பு

சக்கரப் பக்கத்து வெளிமூட்டில் வழக்கமாக ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் ஓடும். இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே குண்டுகள் எப்போதும் நிற்பதால் வேகம் மாறுவதில்லை. கியர்பாக்ஸ் பக்கத்து உள்மூட்டு பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்டது. சஸ்பென்ஷன் அசையும்போது தேவைப்படும் நீளமாற்றத்துக்கு இது உள்ளும் புறமும் நகர்ந்து இடம் தரும். இரண்டையும் ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறை மூடி, உள்ளிருக்கும் கிரீஸைக் காக்கிறது.

தேய்மானமும் மட்டாஞ்சேரியும்

மூட்டின் ஆயுள் அந்த ரப்பர் உறையில்தான் இருக்கிறது. அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும்; மணலும் நீரும் உள்ளே புகுந்து எஃகை அரைக்கும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதற்கான சூழல் நிறையவே உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் தெருக்களில் நீர் தேங்கும். ஓதம் ஏறும் நாள்களில் காயலின் உவர்நீர் தாழ்வான இடங்களுக்கு வருவதும் உண்டு. பஜார் ரோடு, யூதத்தெரு போன்ற குறுகலான வழிகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்ப நேர்வதால் வெளிமூட்டு பெருங்கோணத்தில் சுமை தாங்குகிறது.

அறிகுறிகள்

சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பது முதல் எச்சரிக்கை. ஸ்டியரிங்கை ஒடித்து மெல்ல நகரும்போது ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால் வெளிமூட்டு தேய்ந்திருக்கக்கூடும். வலப்புறம் திரும்பும்போது ஒலி கூடினால் இடப்புற மூட்டை முதலில் பார்ப்பது வழக்கம். நேராகச் செல்லும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் அதிர்வதும், அழுத்தி விடுகையில் ‘டொக்’ என்று இடிப்பதும் உள்மூட்டின் அறிகுறிகள். வேகத்தோடு கூடும் தொடர் இரைச்சல் பெரும்பாலும் சக்கர பேரிங்கினுடையது.

பராமரிப்பு

ஒலி எழுமுன் கிழிசலைக் கண்டால், மூட்டைக் கழுவிச் சோதித்து, உரிய கிரீஸும் புது ரப்பர் பூட்டும் இட்டால் பெரும்பாலும் போதும். ஒலி வந்தபின் கிரீஸ் இடுவதால் தேய்ந்த பள்ளம் சீராகாது. மூட்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும். தேய்ந்த மூட்டு முற்றிலும் உடைந்தால், டிஃபரன்ஷியல் சுழற்சியை உடைந்த பக்கத்துக்கே விட்டுவிடும். எஞ்சின் ஓடினாலும் கார் நகராது. ஒவ்வொரு சர்வீஸிலும், மழைக்காலத்துக்கு முன்பும் நான்கு பூட்களையும் பார்ப்பதே சிறந்த காப்பு.