இரு வார முன்னறிவிப்பு

1900 டிசம்பர் 31 அன்று, வியன்னாவில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் மருத்துவரிடம் இனி வரப்போவதில்லை என்றாள். மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1905-இல் வெளியிட்ட நூலில் அவளுக்கு அவர் இட்ட பெயர் டோரா. இயற்பெயர் இடா பாவர். பதினொரு வாரங்களே நீடித்த சிகிச்சை அது.

எப்போது முடிவெடுத்தாய் என்று கேட்டார் ஃப்ராய்ட். இரு வாரங்களுக்கு முன் என்றாள். பணிப்பெண்கள் வேலையை விடுமுன் தரும் முன்னறிவிப்பைப் போலிருக்கிறதே என்றார் அவர். உடனே அவளுக்கு ஓர் ஆசிரியை நினைவுக்கு வந்தாள். குடும்ப நண்பர் ஒருவரின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, அவரால் மயக்கப்பட்டுக் கைவிடப்பட்டு, வேலையை விட்டவள். ஏரிக்கரையில் அதே மனிதர் டோராவிடமும் அதே சொற்களைச் சொன்னார். அவள் அறைந்துவிட்டு வந்தாள். பெற்றோரிடம் சொல்ல அவள் எடுத்துக்கொண்டதும் இரு வாரங்களே!

அவருக்குச் செய்ய எண்ணியதையே தமக்கும் செய்துவிட்டுப் போனாள் என்பதை ஃப்ராய்ட் நூலின் பின்னுரையில் எழுதினார். அதைக் காலத்தே தாம் கைக்கொள்ளவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மறந்ததை நோயாளி நினைவுகூர்வதில்லை, மீண்டும் நிகழ்த்துகிறார் என்று 1914-இல் அவர் வகுத்த கருத்துக்கு வித்து இங்கேதான் இருக்கிறது எனலாம். 1977-இல் அமெரிக்கரான லெஸ்டர் லுபார்ஸ்கி இதனை முறைப்படுத்தினார். நோயாளி சொல்லும் சிறு கதைகள் ஒவ்வொன்றிலும் அவர் விரும்பியது என்ன, மற்றவர் எவ்வாறு எதிர்கொண்டார், அதற்கு இவர் என்ன செய்தார் என்று பார்ப்பது. திரும்பத் திரும்ப வருவதைப் பிடித்துக்கொண்டு சிகிச்சையை நடத்துவது.

ஆயினும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. திரும்ப நிகழ்ந்தது டோராவின் நடத்தை மட்டுந்தானா? ஏரிக்கரையில் நடந்ததை நண்பர் மறுத்தார். தந்தை அதைக் கற்பனை என்றார். அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கு உறவிருந்தது. ஃப்ராய்ட் அவளை நம்பினார். ஆனால் அவளது மறுப்புக்குள்ளே ஒளிந்திருக்கும் சம்மதத்தையே தேடினார். "வேண்டாம்" என்பதை அப்படியே ஏற்க மூவருக்கும் மனம் வரவில்லை. சுற்றியிருந்தோரின் பழக்கத்தை அவளுடைய நோயாக வாசித்துவிடும் ஆபத்து இம்முறையில் அன்றே இருந்தது.

1902 ஏப்ரலில் அவள் மீண்டும் வந்தாள். இதற்கிடையே நண்பரின் வீட்டுக்கே சென்று, அவர் வாயாலேயே உண்மையை ஒப்புக்கொள்ளச் செய்திருந்தாள். இப்போது முகத்தில் நரம்பு வலி என்றாள். எவ்வளவு நாளாக என்றார் ஃப்ராய்ட். சரியாக இரு வாரங்களாக என்றாள். அவர் புன்னகைத்தார், தம்மைப் பற்றிய செய்தியொன்றை அவள் நாளிதழில் படித்ததும் இரு வாரங்களுக்கு முன்புதான் என்று சுட்டிக்காட்டினார். சிகிச்சை மீண்டும் தொடங்கவில்லை.