பேராக் மாநில நாடாளுமன்றத் தொகுதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆறு தன் போக்கில் ஓடும். மலை நின்ற இடத்தில் நிற்கும். மனிதன் தாளில் வரையும் கோடோ காலந்தோறும் நகரும். நாடாளுமன்றத் தொகுதியின் எல்லை அத்தகைய கோடுகளுள் ஒன்று. வாக்காளன் தன் வீட்டைவிட்டு அசையாதிருப்பினும், கோடு நகர்ந்தால் அவனுடைய தொகுதி மாறுகிறது; அவனுக்காகப் பேசும் உறுப்பினர் மாறுகிறார்; அவன் வாக்கின் மதிப்புங்கூட மாறிவிடுகிறது. இவ்வுண்மைக்குப் பேராக் மாநிலத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தல் 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய இடங்கள் 52. அவற்றுள் பேராக் மாநிலத்திற்குரியவை 10. கூட்டணிக் கட்சி 51 இடங்களில் வென்றது. எஞ்சிய ஒரேயோர் இடத்தைப் பேராக்கின் கிரியான் தொகுதியில் பாஸ் கட்சி கைப்பற்றியது. வட கிந்தாவில் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் வெற்றி பெற்றார். அன்றைய வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். பால்மரக் காட்டிலும் ஈயச் சுரங்கத்திலும் உழைத்த இந்தியருள்ளும் சீனருள்ளும் பெரும்பாலோர் குடியுரிமை இன்மையால் அத்தேர்தலை வெளியே நின்று பார்த்தனர்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை விதிகள் தளர்ந்தன. வாக்காளர் பட்டியல் விரிந்தது. 1959இல் நாடாளுமன்றத்திற்கு நடந்த முதல் தேர்தலுக்காகப் பழைய தொகுதி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 52 தொகுதிகள் 104 ஆயின; பேராக்கின் 10 தொகுதிகள் 20 ஆயின.

இப்பிரிவினையின் விளைவை ஈப்போவில் தெளிவாகக் காணலாம். 1955இல் ஈப்போவும் மெங்லெம்புவும் சேர்ந்து ஒரே தொகுதியாயிருந்தன. அங்கு வென்ற லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநராகப் பொறுப்பேற்றமையால் 1957இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் மக்கள் முற்போக்குக் கட்சியின் வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம் வெற்றி கண்டார். 1959இல் தொகுதி இரண்டாயிற்று. ஈப்போவில் அவரும், மெங்லெம்புவில் அவருடைய உடன்பிறந்தார் எஸ். பி. சீனிவாசகமும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். உலு கிந்தா, பத்து காஜா ஆகியவற்றையும் அவர்கள் கட்சியே வென்றது. ஒரு கோடு இரு தமிழரை ஒரே மன்றத்தில் அமர்த்திய நிகழ்ச்சி இது. அவர்களை அனுப்பிய வாக்காளருள் பெரும்பாலோர் சீனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

எண்ணிக்கையைக் காட்டிலும் ஆழ்ந்த மாற்றம் விதிகளில் நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என வரையறுத்திருந்தது. அதன்படி தேர்தல் ஆணையம் 1960இல் நாட்டை 100 தொகுதிகளாக வகுத்தது. அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. எல்லைகளை முடிவு செய்யும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்திற்கு மாற்றியது. நகர்ப்புறத் தொகுதியின் வாக்காளர் தொகையில் பாதியைக் கொண்டே ஒரு நாட்டுப்புறத் தொகுதி அமையலாம் என்றும் அது வகை செய்தது. நாட்டுப்புறத்தில் தொலைவு மிகுதி, மக்கள் சிதறி வாழ்கின்றனர் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதி என்னும் வரம்பையும் அகற்றிவிட்டது.

அதன்பின் பேராக்கின் தொகுதிகள் 1974இல் 21 ஆகவும், 1986இல் 23 ஆகவும், 2004இல் 24 ஆகவும் பெருகின. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் இம்மாநிலத்தின் பங்கு இந்த 24 ஆகும். பெயர்களும் மாறின. 1995ஆம் ஆண்டுத் தேர்தலில் ஈப்போ, ஈப்போ தீமோர் என்றும் ஈப்போ பாராட் என்றும் இரு தொகுதிகளாக நின்றது. மெங்லெம்பு என்னும் நாடாளுமன்றத் தொகுதி மறைந்து, அப்பெயர் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் மட்டும் வாழ்கிறது. மாறாது நிலைத்த பெயர்களுள் ஒன்று சுங்கை சிப்புட். 1959 முதல் சம்பந்தன், 1974 முதல் சாமிவேலு, 2008 முதல் மருத்துவர் ஜெயக்குமார், 2018 முதல் கேசவன் என, அத்தொகுதி இந்தியரையே தொடர்ந்து தேர்ந்தெடுத்து வந்துள்ளது. அங்கும் இந்தியர் பெரும்பான்மையினர் அல்லர். இந்நாட்டின் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலுமே அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர்.

கோடு நகர்ந்த அதே காலத்தில் மக்களும் நகர்ந்தனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கவே 1960இல் சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆயினும் பின்னாளில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. பாட்டாளிக் குடும்பங்கள் நகரின் ஓரங்களில் குடியேறின. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் லெங்கோங் தொகுதியின் வாக்காளர் 40,000க்கும் குறைவு. ஈப்போவை அடுத்த தம்பூனில் 1,50,000க்கும் மேல். இரண்டும் அனுப்பியது ஓர் உறுப்பினரையே. ஆகவே நாட்டுப்புறத்திலிருந்து நகரோரத்துக்குப் பெயர்ந்த குடும்பம், நிலத்தை இழந்ததோடு தன் வாக்கின் கனத்திலும் ஒரு பகுதியை அறியாமலே இழந்திருக்கிறது.

இதற்காக எவரையும் பகைப்பதால் பயனில்லை. விதியை அறிவதால் பயனுண்டு. எல்லை மறுசீரமைப்புத் திட்டம் முடிவாகுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஒரு தொகுதியின் வாக்காளர் நூறு பேர் ஒன்றுகூடினால் மறுப்புரை அளிக்கலாம். அவ்வாறு அளிப்பின் விசாரணை நடத்தப்படுதல் வேண்டும். நூறு பேரைத் திரட்டுதல் ஒரு கோயில் திருவிழாவுக்கு அரிதன்று; ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்கும் அரிதன்று. 1955இல் வெளியே நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டியலில் இடம்பெற்ற குடிமக்கள். அடுத்த முறை கோடு வரையப்படும்பொழுது, அத்தாளைக் கையிலெடுத்துப் படித்துப் பார்த்தல் அவர்தம் கடமையாகும்.