சரிவும் ஓர் எண்ணும்: கொடைக்கானலின் பாதரச மண்ணைத் திம்புள்ளயிலிருந்து மறுபடி வாசித்தல்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகத்தில் ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் தங்கியிருக்கலாம் என்று வகுக்கப்பட்ட வரம்பை, மலை மண்ணுக்கேற்ற நிதானமான முடிவு என்று ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அந்த வாசிப்பை இக்கட்டுரை ஏற்கவில்லை. பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) நிலங்களையும் லயத்தடிக் காணிகளையும் குடியிருப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பேச்சு நடக்கும், இலங்கை மலையகத்தின் திம்புள்ள போன்ற தேயிலைப் பகுதிக்கு, கொடைக்கானலைத் தவறாக வாசிப்பது ஆபத்தானது.

நியூயோர்க் மாநிலத்தின் வோட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது கொடைக்கானல் தொழிற்சாலை. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 தொன் கிடப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டதும் ஊர் திரண்டது; ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண் மட்டும் அங்கேயே இருந்தது.

சர்ச்சை இனித்தான் தொடங்குகிறது. முதலில் பேசப்பட்ட வரம்பு 10. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டை அடுத்து அது 20 ஆனது. ஆதரவாக இரண்டு வாதங்கள் வைக்கப்பட்டன. ஒன்று, மனித உடல்நல ஆபத்தைக் கணக்கிட்டால் 20 போதுமானது. மற்றது, வரம்பை இன்னும் இறுக்கினால் கூடுதல் மண்ணை அகழ வேண்டும், மரங்கள் போகும், சரிவு அரிக்கும்.

இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. வளாகத்தை ஒட்டிக் கிடப்பது பாம்பார் சோலை. அங்கே மரத்தைச் சாய்த்துவிட்டு மண்ணைக் காப்பாற்றினோம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாதம் எவ்வளவு தோண்டலாம் என்பதற்குத்தான் பதில் சொல்கிறது. எவ்வளவு பாதரசம் தீங்கற்றது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே எண்ணை விடையாக வைத்ததில்தான் கோளாறு. மரத்தைக் காப்பாற்ற விட்டுவைத்த மண், அந்த எண்ணின் பலத்தில் சுத்தமான மண் என்று பெயர் பெறுகிறது. அதை விட்டுவைத்த மண் என்றே பதிவு செய்திருந்தால், கண்காணிக்கும் கடமையும் கூடவே வந்திருக்கும்.

முதல் வாதமும் உறுதியானதாகத் தெரியவில்லை. கனடாவின் வழிகாட்டல் பாதரசத்துக்குக் குடியிருப்பு நிலத்தில் 6.6, வணிக நிலத்தில் 24, தொழில் நிலத்தில் 50 மில்லிகிராம் என்று நிலத்தின் பயனைப் பார்த்து எண்ணை மாற்றுகிறது. வேறு நாட்டு எண்ணை அப்படியே எடுத்தாள்வது சரியல்ல என்பது நியாயமே. ஆனால் கொடைக்கானலின் சிக்கல் வேலிக்குள் யார் வாழப்போகிறார்கள் என்பதோடு முடிவதில்லை. இந்திய அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்ட ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டது. பாம்பார் ஆறோ கும்பக்கரை அருவியை நோக்கி இறங்குகிறது.

கணக்கு எளியது. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் ஒரு தொன் மண்ணில் 20 கிராம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிராம் பாதரசம் இருக்கும். வரம்புக்குள் அடங்கிய மண் ஒரு தொன் ஓடைக்குள் சரிந்தால், இருபது தெர்மாமீட்டர்களை உடைத்துக் கொட்டியதற்குச் சமம். மண்ணோடு ஒட்டிய பாதரசம் எளிதில் கரையாது என்பார்கள். கரைய வேண்டியதில்லை, மண்ணே போகிறதே. காற்றுப்புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக்கினால் மீனுக்குள் ஏறுவதற்கு அது போதும்.

திம்புள்ளயில் பாதரச ஆலை இருந்ததில்லை, ஆகவே ஒப்பீடே பொருந்தாது என்ற மறுப்பில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஒப்பீடு நஞ்சைப் பற்றியதன்று, மதிப்பிடும் முறையைப் பற்றியது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து, கவ்வாத்து வெட்டிய மலைகளில் செப்பு மருந்து தெளிக்கப்பட்டு வந்தது. செம்பு மக்கிப் போகாது. மருந்து கரைத்த இடத்திலும் ஸ்டோர் எஞ்சின் அறையைச் சுற்றி எண்ணெய் ஊறிய மண்ணிலும் என்ன தங்கியிருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு குடும்பத்துக்கு இத்தனை பேர்ச்சஸ் என்று அளக்கும்போது, 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு, காணி சரியுமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்கிறோம். சரிந்தால் எதைக் கொண்டுபோகும் என்பதும் அதே படிவத்தில் இருக்க வேண்டும்.

கட்டம் போட்டு மண் எடுக்கும் வழக்கம் இங்கே போதாது. ஸ்டோரிலிருந்து இறங்கும் கானின் வழியே, வண்டல் தேங்கும் ஒவ்வொரு குழியிலும், கடைசியாக லயத்துப் பீலியிலும் மாதிரி எடுக்க வேண்டும். வறட்சியில் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழையின் நடுவில் ஒரு முறை. கொத்மலை ஓயா வழியே மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேரும் வண்டலும் இந்தக் கணக்கில் வரவேண்டும். பரிசோதனைச் செலவைக் காணியைப் பெறும் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. அத்தனை காலம் நிலத்தைப் பயன்படுத்தியவர்களே ஏற்க வேண்டும். முடிவுகள் உறுதிப்பத்திரத்தோடு தமிழில் இணைக்கப்பட வேண்டும்.