ஜூம் பொத்தான் யார் கையில்?



நம் வாசல் கேட்டில் ஜூம் லென்ஸ் உள்ள கேமரா பொருத்தலாமா என்று பேச்சு நடக்கிறது. விலையையும் உத்தரவாதத்தையும் கமிட்டி பார்த்துக்கொள்ளும். அந்தக் கேமரா எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அது தெரிந்தால், கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கேமராவில் பிடிப்பதை வயர் வழியாக வேறு அறையில் பார்ப்பது 1942லேயே ஜெர்மனியின் பேனமுண்டேயில் நடந்தது. வி-2 ராக்கெட் கிளம்பும்போது பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் வால்டர் புரூக் என்ற பொறியாளர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். நம் தூர்தர்ஷன் பின்னாளில் பயன்படுத்திய பி.ஏ.எல். கலர் முறையை உருவாக்கியவரும் இவர்தான்.

கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுன். வேளை கெட்ட வேளையில் வேலை. ஆபத்துக்குக் கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதம். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவரும் சேர்ந்து 1966ல் விண்ணப்பித்த காப்புரிமை 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். உள்ளே ஒரு கேமரா மோட்டாரில் ஏறி இறங்கி ஒவ்வொரு துளை வழியாகவும் பார்க்கும். படுக்கையறையிலிருந்தே வந்தவரைப் பார்க்கலாம், பேசலாம், கதவைத் திறக்கலாம், அபாய மணியும் அடிக்கலாம். எல்லாச் சுவிட்சும் வீட்டுக்காரர் கையில் இருந்தன.

ஜூம் லென்ஸ் சினிமா வழியாக வந்தது. 1932லேயே 40 முதல் 120 மில்லிமீட்டர் வரை மாறும் 'வாரோ' லென்ஸ் விற்பனைக்கு இருந்தது. சினிமா கேமராவுக்குப் பின்னால் ஆள் நிற்பார். கம்பத்தில் மாட்டிய கேமராவுக்கு யார் நிற்பது? அதனால் லென்ஸுக்குள் மூன்று சிறு மோட்டார்களை வைத்தார்கள். ஒன்று ஜூமுக்கு, ஒன்று ஃபோகஸுக்கு, இன்னொன்று வெளிச்சத்தை அளந்து விடும் ஐரிஸுக்கு. இவை டி.சி. மோட்டார்கள். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாருக்கு இரண்டு என்று ஆறு வயர்கள் செக்யூரிட்டி மேஜை வரை ஓடும். ஒன்றைப் பொதுவாக வைத்தால் நான்கு போதும். படத்துக்கு கோஆக்ஸியல் கேபிள் தனி. தூரம் கூடினால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் மெதுவாகிவிடும்.

1983ல் வந்த ஆர்.எஸ்.-485 என்ற தரம் இந்த வயர்க் கூட்டத்தைக் குறைத்தது. இரண்டே வயரில் சுமார் 1,200 மீட்டர் வரை 32 கருவிகளுக்குக் கட்டளை அனுப்பலாம். வயரில் மின்சாரத்துக்குப் பதிலாகச் செய்தி போகும். கேமரா பக்கத்தில் உள்ள சர்க்யூட் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். பரவலாகப் பழகிய 'பெல்கோ-டி' முறையில் ஒரு கட்டளைக்கு 7 பைட்டுகள். முதலாவது தொடக்கக் குறி, இரண்டாவது கேமராவின் எண், அடுத்த நான்கும் என்ன செய்ய வேண்டும் என்ற விவரம். கடைசி பைட் கூட்டுத்தொகை. கூட்டல் சரியாக வராவிட்டால் அது செல்லாத கட்டளை. வங்கியில் வவுச்சர்களைக் கூட்டி டேலி பார்த்த எனக்கு இது பழகிய சங்கதி.

ஆனால் அந்த ஏழு பைட்டில் அனுப்பியவர் யார் என்பதற்கு இடமே இல்லை. பாஸ் செய்தவரின் இனிஷியல் இல்லாத வவுச்சர் அது! அந்தக் காலத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வயர் போய் முடிவது ஒரே மேஜையில். அங்கே உட்கார்ந்திருந்தவர்தான் பொறுப்பு.

1996ல் நெட்வொர்க் கேமரா வந்தது. 2003ல் வந்த தரத்தால் படம், கட்டளை, மின்சாரம் மூன்றும் ஒரே கேபிளில் போகின்றன. இன்று பாஸ்வேர்ட் தெரிந்த யாரும், எந்த ஊரிலிருந்தும், செல்போனிலேயே ஜூம் செய்யலாம். கேட்டில் கார் நம்பரைப் படிக்கும் லென்ஸ், எதிர் பிளாக் இரண்டாம் மாடி பால்கனியையும் அதே தெளிவுடன் காட்டும்.

ஆகவே கூட்டத்தில் நான்கு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்.

1. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுவார்களா? இயக்குபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உண்டா?

2. யார், எப்போது இயக்கினார் என்ற பதிவு ரெக்கார்டரில் இருக்குமா? அதை மாதம் ஒருமுறை யார் பார்ப்பார்?

3. வீட்டு ஜன்னல்களும் பால்கனிகளும் தெரியும் இடங்களைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் 'பிரைவசி மாஸ்க்' உண்டா? ஜூம் செய்தாலும் அது விலகாமல் இருக்குமா?

4. ஒரு மூலையை ஜூம் செய்திருக்கும் நேரத்தில் மற்ற இடம் பதிவாகாது. கேட்டை மட்டுமே பார்க்கும் இன்னொரு நிலையான கேமரா உண்டா?

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரவுன் தம்பதிக்கு இருந்த பயம் நமக்கும் உண்டு. அவர்கள் வீட்டில் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கை தூக்குவோம்.