ஒரு ஃபைலில் நாலு பேர்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற என்னிடம் முதல் நாள் வருகிறவர்கள், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள். "ஏனுங்க மேடம், எங்க பக்கத்துல இருந்து யாராச்சும் இங்க வர்றாங்களா?" அவர்கள் பக்கம் பொள்ளாச்சியோ கோபியோ தாராபுரமோ, என் பதில் ஒன்றுதான். "வந்தாலும் சொல்ல மாட்டேனுங்க." சிலருக்கு இது நிம்மதி. சிலர் முகம் வாடிப்போகும். தங்களைப் போல இன்னொரு குடும்பம் இருந்தால் பேசிப் பார்க்கலாமே என்று கேட்டவர்கள் அவர்கள்.

காரை டி.பி. ரோட்டில் நிறுத்திவிட்டு இரண்டு வீதி நடந்தே வருகிறவர்கள் உண்டு. ஊரில் கேட்டால் துணி எடுக்கப் போனோம், பல் டாக்டரைப் பார்க்கப் போனோம் என்பார்கள். கொங்குப் பக்கத்தில் கல்யாணம் விசாரிப்பில் நிற்கிறது. எந்தக் கூட்டம், குலதெய்வம் எங்கே என்பதோடு அது முடியாது. மருந்துக்கடையில் விசாரிப்பார்கள், பால் சொசைட்டியில் விசாரிப்பார்கள், ஸ்கூல் வேன் டிரைவரிடம்கூட விசாரிப்பார்கள். மூன்று வயதுப் பையனுக்குப் பேச்சு வரவில்லை என்று வெளியே தெரிந்தால் அவனுடைய அத்தைக்கு வந்த வரன் தட்டிப்போகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. "அம்மிணி கண்ணாலம் முடியட்டுமுங்க, அப்புறம் கூட்டிட்டு வர்றோம்" என்பார்கள். முடிந்துதான் வருவார்கள். அதற்குள் பையனுக்கு ஐந்து வயது நடக்கும். பேச்சு சுலபமாகப் படிகிற வருஷங்களைக் கொடுத்துத்தான் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும்.

ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் பாதி. ஆனால் அந்த ரகசியம் யாருடையது? நெடுங்காலம் அது வீட்டினுடையதாக இருந்தது. சரக சம்ஹிதையில் வைத்தியம் படிக்க வரும் மாணவனுக்குச் சொல்லப்படும் உறுதிமொழிகளில் ஒன்று, நோயாளியின் வீட்டு நடப்புகளை வெளியே சொல்லக்கூடாது என்பது. காக்கச் சொன்னது வீட்டு நடப்பை. கிரேக்கத்து ஹிப்போக்ரடஸ் உறுதிமொழியும் ஏறக்குறைய இதையே பேசுகிறது. ஒரு குழந்தைக்குத் தன் பெற்றோரிடமிருந்தே காக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கலாம் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

நான் வேலை பார்க்கும் இந்தப் பகுதிக்கே நோயை மறைத்த கதை ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையை ப்ளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. ப்ளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் நகரத்தில் கோயில்கள் இருக்கின்றன. நெருக்கடியான பழைய பேட்டைகளை விட்டு ஊர் மேற்கே விரிந்தபோது அகலமான நேர்வீதிகளோடு உருவானதுதான் ரத்தினசபாபதிபுரம் என்ற ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவராக இருந்த, சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வரக் காரணமாக இருந்த திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் அது. டி.பி. ரோட்டில் இருப்பது அவருடைய பட்டம். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்குப் பெரிய அதிகாரங்களைக் கொடுத்தது. வீடு புகுந்து நோயாளியைத் தேடினார்கள், பிரித்துக் கொண்டுபோனார்கள். சனங்கள் காய்ச்சல்காரரை ஒளித்து வைத்தார்கள். இந்தியா முழுக்க நடந்தது இது. நோயைச் சொன்னால் சர்க்கார் வரும் என்ற பயம் அன்றைக்கு, சம்பந்தி வரமாட்டார் என்ற பயம் இன்றைக்கு.

எங்களிடம் சொன்ன ரகசியத்துக்குக் கோர்ட்டில் காவல் உண்டா? ஆங்கிலேயர் எழுதிய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காத்தது. கணவன் மனைவிக்குள் பேசியதைக் காத்தது. வைத்தியரிடம் சொன்னதை விட்டுவிட்டது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே நிலைமைதான். கோர்ட் கேட்டால் டாக்டரும் பேச வேண்டும், நானும் பேச வேண்டும்.

இது ஏட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். விவாகரத்து வழக்கு நடக்கிறபோது, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற சண்டையில், தெரபி ஃபைல் ஒரு ஆயுதம். அப்பா வந்து, "அவ புள்ளைய கவனிக்கறதில்லைன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க மேடம்" என்பார். அடுத்த வாரம் அம்மா அதற்கு நேர்மாறாக ஒன்று கேட்பார். இருவருமே சட்டப்படி பெற்றோர். பிள்ளைக்கு எத்தனை வார்த்தை வருகிறது, இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறதா என்பதைத்தான் நான் எழுதித் தருவேன், இருவருக்கும் ஒரே தாளாக. வீட்டில் யார் கத்துகிறார்கள் என்று அந்தப் பிள்ளை பொம்மையை வைத்து விளையாடிக் காட்டியது அந்தத் தாளில் இருக்காது. சம்மன் வந்தால் மூடிய உறையில் கொடுத்து நீதிபதியே முதலில் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்தவள் நான். கேஸ் ஹிஸ்டரி எடுப்பது அங்கே முதலில் கற்ற வேலை. சொந்தத்தில் கல்யாணமா, இதற்கு முன் கரு கலைந்ததா, பிறந்ததும் குழந்தை அழுததா, எத்தனை கிலோ, குடும்பத்தில் யாருக்காவது மனநோய், காக்காய் வலிப்பு உண்டா, வீட்டில் என்ன பாஷை. கோவையில் பாஷைக் கேள்வி சாதாரணமானதில்லை. வெளியே தமிழ், அடுப்படியில் கன்னடமோ தெலுங்கோ, ஆர்.எஸ்.புரத்தில் குஜராத்தியும் மார்வாடியும்கூட. பாஷையைச் சொன்னால் பாதி சாதியைச் சொன்ன மாதிரி. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கரு கலைந்ததா என்ற கேள்விக்கு மருமகள் "இல்லைங்க" என்பாள். பிள்ளையின் செருப்பை மாட்டிவிடும் சாக்கில் பின்தங்கி, வாசலில் நின்று, "ஒண்ணு ஆச்சுங்க, கல்யாணத்துக்கு முந்தி" என்பாள். எழுதத்தான் வேண்டும், பிள்ளையின் வளர்ச்சிக்குத் தொடர்பு இருக்கலாம். எங்கே எழுதுவது?

அந்தக் காலத்தில் எல்லாம் நீள நோட்டு, பழுப்பு ஃபைல், இரும்பு பீரோ. பீரோ சாவி என் முந்தானையில். பூட்டு பலமாகத்தான் இருந்தது, ஓட்டை வேறு பக்கம். ஒருநாள் தள்ளுவண்டியில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பினே-காமத் அறிவுத்திறன் சோதனைத் தாள். பிள்ளையின் பெயர், அப்பாவின் தொழில், தெரு, கீழே சிவப்பு மையில் வட்டமிட்ட எண். எந்த மையம் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டது என்று தாளின் தலைப்பிலேயே இருந்தது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. கடலையைக் கொட்டிவிட்டுத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. மூன்று வருஷத்துக்குப் பிறகு கடலை வண்டிக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எங்கள் தொழிலுக்கு என்று ஒரு பதிவேடே 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

அந்தரங்கம் பற்றிய பெரிய தீர்ப்புகளில் இரண்டு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியவை. 1994இல் கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கு. உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்கு வழிவிட்டது. அதே கையோடு, தன் குடும்பம், கல்யாணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி இவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. படித்தபோது சிரிப்பு வந்தது. என் கேஸ் ஹிஸ்டரி படிவத்தின் தலைப்புகள் அப்படியே வரிசையாக இருந்தன.

இரண்டாவது 1998இல். உறவினரின் அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்கப்போன நாகாலாந்து மருத்துவர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சென்னை மருத்துவமனை ஒன்று கண்டுபிடித்தது, விஷயம் வெளியே போனது, நிச்சயித்த கல்யாணம் நின்றது. நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு தரவில்லை. கல்யாணப் பெண்ணின் உயிர் பெரிது என்றது. அந்தத் தீர்ப்பை என்னிடம் காட்டி, "அப்போ பொண்ணு வீட்டுக்குச் சொல்லலாம்ல?" என்று ஒரு பெரியவர் வாதாடினார். தொற்றுகிற நோய்க்குச் சொன்னதைத் திக்குவாய்க்கு இழுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

வாயை மூடிக்கொண்டிருப்பதே குற்றமாகும் இடமும் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் நான் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அதனால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். "இங்க பேசறது வெளிய போகாதுங்க. ஆனா புள்ளைய யாராச்சும் தப்பா தொட்டிருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன், அது மாமனா இருந்தாலும் சரி." சில அப்பாக்கள் எழுந்துவிடுவார்கள். பெரும்பாலான அம்மாக்கள் தலையசைப்பார்கள். வீட்டின் ரகசியத்திலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்த முதல் சட்டம் என்று இதைத்தான் சொல்வேன்.

2020 ஊரடங்கில் பீரோ போனுக்குள் வந்தது. வீட்டிலிருந்தே பயிற்சி, தினம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ. பிள்ளை 'பந்து' சொல்கிற வீடியோவில் பின்னால் சண்டை போடுகிற தாத்தா, கட்டிலில் அத்தை, சுவரில் கேஸ் பில். அது போகட்டும். இன்ஸ்டாகிராமில் 'முன்னால், பின்னால்' என்று பிள்ளையைக் காட்டி விளம்பரம் செய்கிற மையங்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்பார்கள். தரையில் உருண்டு அழுகிற தன் வீடியோ இருபது வயதிலும் இணையத்தில் கிடக்க அந்தப் பிள்ளை எங்கே கையெழுத்துப் போட்டது?

2017 இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதே வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை நேரடியாக உரிமை என்று எழுதியது. ஆனால் அச்சட்டத்தின் வரையறையில் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு மனநோயில் சேராது. என் பிள்ளைகளில் பலர் அந்தக் குடைக்கு வெளியே. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும் டிஜிட்டல் தகவலுக்கு மட்டுமே. பீரோவில் இருக்கும் தாளுக்குப் பொருந்தாது, ஸ்கேன் செய்தால் பொருந்தும். அதிலும் 18 வயது வரை தகவலுக்கு உரியவர் என்ற இடத்தில் பெற்றோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிக்கு 18க்குப் பிறகும் அப்படித்தான்.

என்னிடம் பயிற்சி பெற்றவர்களில் பதினெட்டைத் தாண்டியவர்கள் தங்கள் ஃபைலைத் தேடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். ஃப்ராய்டிடமும் ஒருவன் இப்படி வந்தான். 1909இல் ஃப்ராய்ட் 'குட்டி ஹான்ஸ்' என்று ஐந்து வயதுப் பையன் ஒருவனின் குதிரைப் பயத்தைப் பெயர் மாற்றி வெளியிட்டார். குறிப்புகள் எடுத்துக் கொடுத்தவர் பையனின் அப்பா. 1922இல் அந்தப் பையன், 19 வயது இளைஞனாக, ஃப்ராய்டைப் பார்க்க வந்தான். படித்துப் பார்த்தேன், அது நான் என்றே தெரியவில்லை என்றான். பிற்காலத்தில் ஆப்பரா இயக்குநராகப் பெயரெடுத்தவன் அவன். என்னிடம் வருகிறவர்கள் அவ்வளவு நாகரிகமாகக் கேட்பதில்லை. "என் ஃபைலைக் குடுங்க மேடம்" என்கிறார்கள். அந்த ஃபைலில் அவன் இருக்கிறான், அவன் அம்மாவின் கலைந்த கரு இருக்கிறது, அப்பாவின் குடி இருக்கிறது, பாட்டியின் வலிப்பு இருக்கிறது.

அதனால் இப்போது இரண்டு தாளில் எழுதுகிறோம். முதல் தாள் பிள்ளையுடையது. அதை வளர்ந்து வந்து கேட்டால் கொடுப்பேன். இரண்டாவதில் மற்றவர்கள் தனியாகச் சொன்னவை. சொன்னவரின் கையெழுத்து இல்லாமல் அது யாருக்கும் போகாது, பிள்ளைக்கும்தான். சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்விக்கான பதில் எந்தத் தாளில் போக வேண்டும் என்பதில் எனக்கும் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கும் சண்டை. பெற்றோரின் கல்யாணம் பெற்றோருடைய விஷயம் என்றேன். "அவன் உடம்புல ஓடறது மேடம் அது. நாளைக்கு அவன் மாமன் பொண்ணக் கட்டறதுக்கு முந்தி அவனுக்குத் தெரியணுமில்ல?" என்றாள். பெற்றோரிடம் கேட்டுவிட்டு முதல் தாளிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.